கலங்கரை விளக்கத்தில் ஏறிய கண்: கரைக்காவலின் வரலாறு, மலையடிவாரத்திலிருந்து ஒரு வாசிப்பு

1

கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்று இன்னமும் சொல்கிறோம். சிலப்பதிகாரத்தில் வரும் ‘கலங்கரை விளக்கம்’ என்ற தொடருக்குப் பழைய உரை தருகிற பொருளும் இதுதான்: நிலை தெரியாமல் ஓடும் கலங்களைக் கரைக்கு அழைப்பதற்காக இட்ட விளக்கு. வருகிறவன் எந்த ஊர், என்ன சரக்கு, யாருடைய ஆள் என்று அந்த விளக்கு கேட்பதில்லை. இருட்டில் கலம் தெரிந்தால் வா என்கிறது, அவ்வளவுதான்.

இன்று இந்தியக் கரையிலுள்ள கலங்கரை விளக்கங்கள் பலவற்றின்மேல் ரேடார் உட்கார்ந்திருக்கிறது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இந்தியக் கடலோரக் காவல் படைக்காக அமைக்கப்பட்ட கண்காணிப்பு வலைப்பின்னலின் முதற்கட்டத்தில் 46 நிலையங்கள்: பெருநிலக் கரையில் 36, லட்சத்தீவில் 6, அந்தமானில் 4. இரண்டாம் கட்டத்துக்கு மேலும் 38 திட்டமிடப்பட்டன. ரேடார், இரவிலும் பார்க்கும் கேமரா, கப்பல்கள் தாமே அனுப்பும் அடையாளச் சமிக்ஞையை வாங்கும் கருவி, எல்லாம் ஒரே கோபுரத்தில். உயரமான கட்டடம், சுற்றி அரசு நிலம், மின்சாரம், ஆள் எல்லாமே ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. ஆகவே கலங்கரை விளக்கம் தோதாகப் போயிற்று. நிர்வாகக் காரணம் இதற்குமேல் ஒன்றுமில்லை. ஆனால் நிர்வாகம் யோசிக்காமல் செய்கிற காரியத்தில்தான் அதிகாரத்தின் மனசு வெளியே தெரியும். அழைப்பதற்காகக் கட்டிய கோபுரம் இப்போது ‘நீ யார்?’ என்று கேட்கிறது. இந்த மாற்றம் எந்தெந்தப் படிகளில் நடந்தது, இந்தக் கண் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பதே இந்தக் கட்டுரையின் விசாரணை.

கள்ளக்குறிச்சிக்காரனுக்குக் கடல் விஷயத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். இங்கிருந்து கடல் சுமார் நூறு கிலோமீட்டர். இருந்தாலும் கல்வராயன் மலையில் பெய்கிற மழை கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் இறங்கி, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது. 1993இல் தென்னாற்காடு பிரிந்து விழுப்புரம் மாவட்டம் உருவானபோது அதன் மேற்கு விளிம்பு கல்வராயன் மலை, கிழக்கு விளிம்பு மரக்காணம் கடல். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகும்வரை மலைக்கும் கடலுக்கும் ஒரே ஆட்சியர், ஒரே காவல் கண்காணிப்பாளர். ஆக, அரசு தன் இரண்டு விளிம்புகளையும் எப்படிப் பார்க்கிறது என்று ஒப்பிட இதைவிட வாய்ப்பான இடம் கிடையாது என்று நினைக்கிறேன்.

2

நவீன காலத்தில் தமிழ்நாட்டுக் கரைக்குக் கடல்வழி வந்த முதல் பெரிய அதிர்ச்சியின் பெயர் ஒரு பொதுச்சொல்லாகவே தமிழில் தங்கிவிட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள், அரைமணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியிருந்தது; ஆனாலும் சென்னைக் கலங்கரை விளக்கம் சமாதான காலத்தில் எரிவது போலவே எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அந்த விளக்கு உயர்நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் இருந்தது. குண்டுகளில் சில நீதிமன்ற வளாகத்திலும் விழுந்தன. தொடர்ந்து வந்த நாட்களில் மக்கள் மூட்டைகட்டிக்கொண்டு பட்டணத்தை விட்டு ஓடினார்கள். ‘அவன் சரியான எம்டன்’ என்று இன்றும் மலையடிவாரக் கிராமத்தில்கூடச் சொல்கிறோம். பேரரசின் கரையில் பேரரசுக்குத் தெரியாமல் ஒருவன் வந்துவிட்டுப் போனான் என்கிற வியப்பு அந்தச் சொல்லில் உறைந்திருக்கிறது. அதில் கொஞ்சம் குதூகலமும் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

எம்டன் பிடிபட்ட விதமும் நமக்கு முக்கியம். 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்க அது போனது. விசித்திரமான கப்பல் ஒன்று வருகிறது என்று அந்த நிலையத்தின் ஊழியர்கள் கம்பியில்லாத் தந்தியில் கூவினார்கள். அதைக் கேட்டு ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வந்தது; கதை முடிந்தது. மாதக்கணக்கில் வங்கக்கடலிலும் இந்துமாக்கடலிலும் பல கடற்படைகள் தேடியும் அகப்படாத கப்பலைக் காட்டிக்கொடுத்தது, அந்த இடத்தில் வேலைபார்த்துக்கொண்டிருந்த சிவிலியன்களின் கண்ணும் அவர்கள் கையில் இருந்த ஒரு கருவியும். கருவி அவர்கள் கையில் இருந்தது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம். பின்னால் வரும் வரலாறு முழுக்க இந்த விஷயத்தில்தான் தடுக்கி விழுகிறது.

3

சுதந்திர இந்தியா கடலைக் கோடு போட்டுப் பார்க்க ஆரம்பித்தது 1970களில். 1974 ஜூனில் பாக் நீரிணையில் எல்லைக்கோடு வரையப்பட்டு, கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவிலும் வங்கக்கடலிலும் கோடு நீண்டது; ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டு நீரில் மீன்பிடிக்கக் கூடாது என்பது இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் எழுதப்பட்டது. அதே ஆண்டு கடல் மண்டலங்களுக்கான சட்டமும் வந்தது. 1977 பிப்ரவரியில் கடலோரக் காவல் படை இடைக்கால அமைப்பாகத் தொடங்கி, 1978இல் சட்டபூர்வமாயிற்று. அப்போது எதிரி என்று சொல்லப்பட்டவன் கடத்தல்காரன்: தங்கம், கைக்கடிகாரம், டிரான்சிஸ்டர், நைலான் துணி.

இதே 1976இல்தான் கல்வராயன் மலைக்குள்ளும் அரசு முழுதாக நுழைந்தது. அதுவரை மலை மூன்று ஜாகீர்களின் கையில்: சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்ற பெயர்களில் வழிவழியாக வந்த ஆட்சி. நாடு சுதந்திரம் அடைந்து ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து மலையாளிப் பழங்குடிகள் இந்தியக் குடியரசின் நேரடிக் குடிமக்கள் ஆனார்கள். நெருக்கடி நிலைக் காலம் அது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது, கடலில் இரண்டாவது கோடு விழுந்தபோதும் மலையில் ஜாகீர் ஒழிந்தபோதும் சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு இல்லை. ஜாகீர் ஒழிந்தது நல்லதுதான், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. நான் சொல்ல வருவது வேறு. மலைவாசியையும் கடல்வாசியையும் ஒரே வருஷத்தில் அரசு தன் வரைபடத்துக்குள் கொண்டுவந்தது. இரண்டு பேரையும் கேட்கவில்லை. வரைபடத்தில் அவர்கள் முதலில் ஏறியது குடிமக்களாக அல்ல, எல்லையில் இருக்கிறவர்களாக. எல்லையில் இருக்கிறவனைப் பார்க்கிற பார்வை எப்போதும் வேறுதான்.

4

அடுத்த முப்பது ஆண்டுகளில் எதிரியின் பெயர் மாறிக்கொண்டே வந்தது. 1990இல் பாக் நீரிணையில் ‘ஆபரேஷன் தாஷா’. எதிரி விடுதலைப் புலிகள். 1993 மும்பைக் குண்டுவெடிப்புக்கான வெடிபொருள்கள் ராய்கட் கரையில் இறக்கப்பட்டது தெரிந்தபின் மகாராஷ்டிர, குஜராத் கரைகளில் ‘ஆபரேஷன் ஸ்வான்’. 1994இல் தமிழ்நாடு காவல்துறையில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம். 2005இல் மத்திய அரசின் கடலோரப் பாதுகாப்புத் திட்டம். தமிழ்நாட்டுக்கு முதலில் 12 காவல் நிலையங்கள், 2011இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் மேலும் 30.

பிறகு 2008 நவம்பர் 26. கராச்சியிலிருந்து புறப்பட்ட பத்துப் பேர் நடுக்கடலில் குபேர் என்ற போர்பந்தர் மீன்பிடிப் படகைப் பிடித்து, அதிலிருந்த மீனவர்களைக் கொன்று, ஜிபிஎஸ் கருவி வழிகாட்ட மும்பைக்கு வந்து, ரப்பர் படகில் கரை இறங்கினார்கள். இறங்கிய இடம் ஒரு மீனவர் குடியிருப்பு. யார் நீங்கள், எங்கிருந்து வருகிறீர்கள் என்று முதலில் விசாரித்தவர்கள் அங்கிருந்த மீனவர்களே. 166 பேர் சாகப்போகிற ஒரு இரவில் இந்திய அரசுக்காக அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் அவர்கள் மட்டும்தான். தாக்குதலுக்கு முதல் பலியும் மீனவர். தாக்குதலை முதலில் பார்த்த சாட்சியும் மீனவர்.

இதிலிருந்து அரசு கற்றுக்கொண்டது என்ன? மீனவர் கையில் கருவி கொடு, அவர் கூவினால் கேட்கிற காது ஒன்றை ஏற்பாடு பண்ணு என்பதை அல்ல. மீன்பிடிப் படகில் தீவிரவாதி வந்தான், ஆகவே மீன்பிடிப் படகுகளையெல்லாம் எண்ணு என்பதை. 2009இல் நாடு முழுவதும் 3,331 கடலோரக் கிராமங்களில் கைரேகையோடு மக்கள்தொகைப் பதிவேடு தயாரிக்கும் வேலை தொடங்கிற்று. முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது 2010 செப்டம்பரில். அதற்கு முன்பே கடற்கரைக்காரர்கள் விரலை நீட்டிவிட்டார்கள். இன்று நம் எல்லாருடைய வாழ்க்கைக்கும் வந்துவிட்ட கைரேகை அடையாளத்துக்கு முதலில் வரிசையில் நிறுத்தப்பட்டவர்களில் மீனவரும் உண்டு என்பதை நம் அரசியல் கட்டுரைகள் போதிய அளவு பேசவில்லை. படகுக்குப் பதிவு எண் வந்தது, மாநிலத்துக்கு ஒரு நிறம் வந்தது, ஆளுக்கு ஒரு அட்டை வந்தது. ‘சாகர் கவச்’ என்ற பெயரில் அவ்வப்போது ஒத்திகை நடக்கிறது: தீவிரவாதிகளாக நடிக்கும் போலீஸார் மீன்பிடிப் படகில் வர, நிஜப் போலீஸார் பிடிக்கிறார்கள். நாடகத்தில் எதிரிக்கு வேஷம் எப்போதும் மீனவர் வேஷம்தான்.

5

கருவிகளின் பட்டியல் பிரமிக்க வைக்கிறது. பிரமிக்க வைப்பதும் அதன் வேலைகளில் ஒன்று. 2014 நவம்பரில் குர்கானில் ஒரு தகவல் மையம் திறக்கப்பட்டது. கடற்படையின் 20 நிலையங்களும் கடலோரக் காவல் படையின் 31 நிலையங்களும் அதோடு இணைந்தன. கன்னியாகுமரிக் கடலில் போகிற கப்பல் தில்லிக்குப் பக்கத்தில், கடலே இல்லாத ஊரில், திரையில் புள்ளியாகத் தெரியும். அரக்கோணம் கடற்படை விமானத் தளத்திலிருந்து 2020 நவம்பர் முதல் அமெரிக்கக் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்த இரண்டு ஆளில்லா விமானங்கள் வங்கக்கடலின்மேல் பறந்தன. 2024 செப்டம்பரில் அவற்றில் ஒன்று சென்னைக்கு அப்பால் கடலில் விழுந்தது. அடுத்த மாதமே அதே வகையில் 31 விமானங்கள் வாங்க ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

இவ்வளவு கண்களும் காவல்காக்கிற பொருள்தான் என்ன? கரை. அதன் நீளம் எவ்வளவு? பல பத்தாண்டுகளாக இந்தியக் கரையின் நீளம் 7,516.6 கிலோமீட்டர் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணினோம். அண்மையில் மத்திய அரசு திரும்ப அளந்து 11,098.81 கிலோமீட்டர் என்று அறிவித்தது. தமிழ்நாட்டுக் கரை 906.9இலிருந்து 1,068.69 ஆனது. கடல் நீளவில்லை. பழைய கணக்கு 45 லட்சத்துக்கு ஒன்று என்ற அளவிலான வரைபடத்தில் எடுத்தது. புதியது இரண்டரை லட்சத்துக்கு ஒன்று. கூர்ந்து பார்க்கப் பார்க்கக் கரையின் நீளம் கூடிக்கொண்டே போகும் என்று மாண்டல்பிரா 1967இல் எழுதிய கட்டுரை கணிதம் தெரிந்தவர்களுக்குப் பழைய விஷயம். எனக்கு இதில் படுவது இது: கரை என்பது ஒரு கோடு அல்ல. கழிமுகம், உப்பளம், மணல்திட்டு, வலை காய்கிற இடம், படகு ஏற்றுகிற இடம். உற்றுப் பார்க்கிறவனுக்கு அது மனிதர்கள் வாழ்கிற பரப்பு. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு மட்டுமே அது காக்க வேண்டிய கோடு.

அந்தக் கோடும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் செய்த ஆய்வின்படி, பெருநிலக் கரையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்பட்டு வருகிறது. தேசத்தின் மண் அங்குலம் அங்குலமாகக் கடலுக்குப் போகிறது. துறைமுகச் சுவரும் கல் கொட்டிய தடுப்பும் பக்கத்து ஊரின் மணலைத் தின்கின்றன. இதுவும் கரைக்கு வந்த அச்சுறுத்தல்தானே? எந்த ரேடாரும் இதற்கு மணி அடிப்பதில்லை. ஊடுருவுகிறவன் மனிதனாக இருந்தால்தான் மணி அடிக்கும்.

6

இந்த இடத்தில் நம் வட்டாரத்து நண்பர்கள் ஃபூக்கோவை எடுப்பார்கள். பெந்தாமின் சிறைக் கோபுரம்: நடுவில் ஒரு கண், சுற்றிலும் அறைகள், காவலாள் இருக்கிறானா இல்லையா என்று கைதிக்குத் தெரியாது, ஆகவே தன்னைத் தானே காவல்காத்துக்கொள்வான். கலங்கரை விளக்கத்தில் ஏறிய ரேடாருக்கு இதைவிடப் பொருத்தமான உருவகம் உண்டா என்று தோன்றும். எனக்கு இதில் ஒரு ஆட்சேபம். இந்த உருவகத்தைப் பயன்படுத்துகிறபோது, அரசு தன் கண்ணைப் பற்றி அடித்துக்கொள்ளும் தம்பட்டத்தை நாமும் நம்பிவிடுகிறோம். கண் எல்லாவற்றையும் பார்க்கிறது என்று அரசு பெருமையாகச் சொல்கிறது, நாம் பயத்தோடு சொல்கிறோம். கடலில் நடந்ததைப் பார்த்தால் கண் அப்படியொன்றும் பார்க்கவில்லை.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல். கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் நூற்றுக்கணக்கான கடல்மைல் தாண்டிப் போய் வாரக்கணக்கில் தங்குகிறவர்கள். அவர்களிடம் இருந்த வானொலிக் கருவி அந்தத் தூரத்துக்கு எட்டாது. எட்டக்கூடியது செயற்கைக்கோள் தொலைபேசி. 2008க்குப் பிறகு பாதுகாப்பைக் காரணம் காட்டித் துரையா, இரிடியம் போன்ற செயற்கைக்கோள் தொலைபேசிகளுக்கு இந்திய நீரில் தடை. ஆக, தீவிரவாதிக்குப் பயந்து மீனவரின் வாயைக் கட்டிவைத்தார்கள். புயல் எச்சரிக்கை அவர் காதுக்குப் போகவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. கரையில் சங்கிலி போட்ட மாதிரி நின்ற ரேடார்களின் பார்வை சில பத்துக் கடல்மைலோடு முடிந்துவிட்டது. எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் அறிவு கரைக்குத் தப்பி வந்த மீனவர்களிடம்தான் இருந்தது.

கண் பார்க்காதபோது இப்படி, பார்க்கிறபோது எப்படி? 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலில் இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் இருந்த கடற்படையினர் ஒரு மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகு என்று சுட்டார்கள். இருவர் இறந்தார்கள், ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். அதே ஆண்டு ஜூலை 16 அன்று துபாய்க்கு அருகே அமெரிக்கக் கடற்படையின் எரிபொருள் கப்பல் ஒரு சிறு படகைச் சுட்டது. இறந்தவரும் காயம்பட்ட மூவரும் வேலைக்குப் போன ராமநாதபுரம் மாவட்டத்து மீனவர்கள். 2022 அக்டோபர் 21 அன்று பாக் நீரிணையில் நம் கடற்படையே தமிழ்நாட்டு மீன்பிடிப் படகைச் சுட்டு ஒரு மீனவர் காயம்பட்டார். எச்சரித்தும் நிற்கவில்லை என்றது கடற்படை. மூன்று சம்பவத்திலும் சுட்டவர்கள் வேறு வேறு நாட்டுக்காரர்கள். சுடப்பட்டவர் ஒரே ஆள். உலகத்திலேயே விலை உயர்ந்த கருவிகளுக்கும் சின்னப் படகும் ஆபத்தும் ஒரே மாதிரித் தெரிகின்றன. கருவியில் கோளாறு இல்லை. அதற்கு எதை ஆபத்து என்று சொல்லிக்கொடுத்தார்களோ அதை அது செய்கிறது.

7

இதனால் தொழில்நுட்பமே வேண்டாம், கட்டுமரக் காலமே நல்லது என்று சொல்லுகிற பழம்பெருமைக்காரர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கருவி வேறு கைக்குப் போனால் வேறு காரியம் செய்யும். அதற்கும் நம் கரையிலேயே ஆதாரம் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 காலை. கார் நிகோபார் விமானப்படைத் தளம் அலையில் மூழ்கிய செய்தி சென்னையிலுள்ள விமானப்படைப் பிரிவுக்கு வந்துவிட்டது. நாகப்பட்டினத்தில் அலை ஏற இன்னும் நேரம் இருந்தது. பாதுகாப்புத் துறைக்குள் வந்த செய்தி பாதுகாப்புத் துறைக்குள்ளேயே சுற்றியது; கரைக்கு வரவில்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள், நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேல். அதே காலையில் புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு கிராமத்தில் நடந்தது இது. சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த கிராமத் தகவல் மையத்தின் பூட்டை உடைத்து, ஒலிபெருக்கியில் கத்தி, ஊரைக் காலிபண்ணினார்கள். 3,600 பேர் அளவில் வாழ்ந்த ஊர், உயிர்ச்சேதம் இல்லை.

அந்தத் தகவல் மையங்களின் கதை இன்னும் சுவையானது. 1990களின் இறுதியில் புதுச்சேரியின் வீராம்பட்டினத்தில் இருந்த மையம், அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் தினமும் அறிவித்தது. எந்தக் கடற்படையின் கப்பல் 2012இல் ராமநாதபுரத்து மீனவரைச் சுட்டதோ அதே கடற்படையின் தகவல். போர்க்கப்பலுக்காகச் சேகரித்த அறிவு மீனவர் காதுக்குத் தமிழில் வந்தபோது உயிர்காத்தது. கருவி ஒன்றுதான். யார் கையில், எந்த மொழியில், எந்தப் பக்கம் பார்த்து என்பதில்தான் அரசியல் இருக்கிறது. கலங்கரை விளக்கம் என்ற சொல்லின் பழைய பொருளுக்கு உண்மையாக இருந்தது அந்த ஓட்டை ஒலிபெருக்கிதான்.

பாக் நீரிணையின் அந்தப் பக்கம் இருப்பவர்களையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழ் மீனவர்கள் போர்க்காலம் முழுதும் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் கடல் மறுக்கப்பட்டவர்கள். போர் முடிந்து கடலுக்கு வந்தால், நம் கரையிலிருந்து போகிற இழுவைமடிப் படகுகள் அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. அவர்களைப் பொறுத்தவரை கரைக்கு வருகிற அச்சுறுத்தல் தமிழ்நாட்டு விசைப்படகு. நம் படகில் பொருத்துகிற தடங்காட்டி அவர்களுக்குக் காவல். தேசம் என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இந்தச் சிக்கலைப் பேசவே முடியாது. இரு கரை மீனவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து, எந்த நாளில் யார் எங்கே என்று தங்களுக்குள் ஒப்புக்கொண்டு, அதைக் கண்காணிக்க அதே கருவியைப் பயன்படுத்தினால் அது வேறு அரசியல்.

8

2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில், ஒரு மீனவக் குப்பத்தில், மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூனில் அதே மெத்தனால் கள்ளக்குறிச்சி நகரத்தில் கருணாபுரத்துக்கு வந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். பழைய ஒருங்கிணைந்த மாவட்டத்தின் கடல் விளிம்பிலும் மலையடிவாரத்திலும், ஒரு வருஷ இடைவெளியில், ஒரே விஷம். அந்த விஷம் கடல்வழி ஊடுருவவில்லை. தொழிற்சாலையில் பயன்படும் ரசாயனம் அது, சாலைவழி வந்தது. கருணாபுரத்தில் நீதிமன்றமும் காவல் நிலையமும் கூப்பிடு தூரம். ஆனால் சாவுக்குப் பிறகு போலீஸ் கண் திரும்பியது மலைமேல். ஊறலைத் தேடி ட்ரோன் பறந்தது. அந்த மலைக்குச் சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்ன நிலையில் இருக்கின்றன என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024இல் தானாக வழக்கெடுத்துக் கேட்க வேண்டி வந்தது. ஆம்புலன்ஸ் ஏறத் திணறுகிற மலையில் ட்ரோன் சுலபமாக ஏறுகிறது.

செம்மரம் இன்னொரு சாட்சி. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் தமிழ்நாட்டுக் கூலிகள் இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. ஜவ்வாது, சித்தேரி, கல்வராயன் என்று நம் மலைகளிலிருந்து ஆண்கள் அந்த வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் வெட்டுகிற மரம் எங்கே போகிறது? பெரும்பகுதி கன்டெய்னரில் ஏறித் துறைமுகம் வழியாக வெளிநாட்டுக்கு. நடுக்கடல் கட்டுமரத்தைப் புள்ளியாகக் காட்டுகிற தேசத்தில், துறைமுக வாசலில் பொய்ப்பெயரில் போகிற கன்டெய்னர் அவ்வப்போதுதான் அகப்படுகிறது. மரம் வெட்டியவன் காட்டிலேயே கிடக்கிறான். சரக்குக்கு ஒரு கண், ஆளுக்கு ஒரு கண்.

2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட திட்டத்தின்படி, இஸ்ரோ வடிவமைத்த தடங்காட்டிக் கருவிகள் நாடு முழுவதும் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்குப் போகின்றன. ஒதுக்கீடு 364 கோடி ரூபாய். இது இருவழிக் கருவி: புயல் எச்சரிக்கை வரும், ஆபத்து என்றால் செய்தி அனுப்பலாம், எல்லை நெருங்கினால் சொல்லும். ஒக்கியின்போது இது இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியாது. ஆகவே எதிர்ப்பதைவிட, நிபந்தனை போட்டு வாங்குவதே செய்ய வேண்டிய காரியம். படகின் தடம் யாருடைய சொத்து? எல்லை தாண்டினான் என்று கைதாகிற மீனவர், தான் தாண்டவில்லை என்று காட்டத் தன் தடத்தைக் கேட்டால் நீதிமன்றத்தில் கிடைக்குமா? இரவில் சரக்குக் கப்பல் மோதிவிட்டு ஓடினால், அந்தக் கப்பலின் தடம் மீனவர் சங்கத்துக்குக் கிடைக்குமா? எச்சரிக்கை தமிழில் வருமா? ஆபத்துச் செய்திக்கு எத்தனை நிமிஷத்தில் பதில் வரவேண்டும் என்று விதி எழுதுவார்களா? கடலோரப் பாதுகாப்புக் குழுக்களில் மீனவருக்கு வாக்கு உண்டா, அல்லது ஒத்திகைக்கு மட்டும் படகு கேட்பார்களா?

மீனவர் அமைப்புகளோடு வேலைசெய்கிற தோழர்கள் இந்தக் கேள்விகளைக் கருவி படகில் ஏறுவதற்கு முன்பே எழுத்தில் வைக்க வேண்டும். ஏறியபிறகு கேட்டால் பதில் கிடைக்காது என்பதற்குக் கைரேகை அட்டையே உதாரணம். மலைப்பக்கத்தில் இருக்கிற நாங்கள் ட்ரோன் விஷயத்தில் இதே கேள்விகளைக் கேட்டாக வேண்டும். இரண்டு பட்டியலையும் ஒன்றாக வைத்துப் பேச மரக்காணத்திலோ வெள்ளிமலையிலோ ஒரு கூட்டம் போடலாம். இடம் எதுவானாலும் நான் வருகிறேன்.